சாட்டிலைட் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி... பட்டாசு அறையா, பம்புசெட் ரூமா? கம்ப்யூட்டர் கண்டுபிடிப்பது எப்படி?

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் பக்கமாக மொபைலில் மேப் ஆப்பைத் திறந்து, சாட்டிலைட் வியூவுக்கு மாற்றி, கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். கரிசல் காட்டுக்கு நடுவில், கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி சின்னச் சின்னதாக வெளிர் நிறத்தில் ஏதோ தெரியும். ஒன்றோடொன்று ஒட்டாது. கிட்டத்தட்ட சம இடைவெளியில் நிற்கும். ஊர் என்றால் வீடுகள் நெருக்கியடித்து இருக்கும், நடுவில் தெரு ஓடும். இங்கே அது எதுவும் இருக்காது.

அதுதான் பட்டாசு ஆலை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு அறை.

நம்ம கண்ணுக்கு இது ஒரு நொடி வேலை. ஆனால் விருதுநகர் மாவட்டத்தில் மட்டும் 1,000க்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. மாவட்டம் முழுக்க மேப்பை நகர்த்தி நகர்த்தி ஒரு ஆள் எண்ண ஆரம்பித்தால் கண்ணு பூத்துவிடும். எண்ணி முடிப்பதற்குள் நாலு புது அறை முளைத்திருக்கும். அப்போ கம்ப்யூட்டரே இந்தப் புள்ளிகளைத் தேடிக் கொடுக்குமா?

கொடுக்கும். அதுக்குப் பயன்படுவது 'நெய்பர்ஹுட் ஃபில்டர்' என்ற ரொம்பப் பழைய, ரொம்ப எளிமையான ஒரு கணக்கு. தமிழில் சொன்னால் அக்கம்பக்கத்தைக் கேட்கும் கணக்கு. அது எதைக் கண்டுபிடிக்கும், எந்த இடத்தில் ஏமாறும், எதைப் பார்க்கவே பார்க்காது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல்ல, அறைகளை ஏன் எண்ணணும்?

2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டி. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம். 20க்கும் மேற்பட்டோர். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. இவை பெரிதாகப் பேசப்பட்டவை மட்டும்தான். நடுவில் ஒரு பத்தி செய்தியாக வந்து போனவை எத்தனையோ.

விபத்துச் செய்திகளில் ஒரு வரி தவறாமல் இருக்கும், கவனித்திருப்பீர்கள். 'இத்தனை அறைகள் தரைமட்டமாயின' என்ற வரி. செய்தி டெஸ்க்கில் இருப்பவர்கள் அதை யோசிக்காமலே டைப் செய்துவிடுவோம். ஆனால் விஷயமே அந்த எண்ணிக்கையில்தான் இருக்கு. ஒரு அறையில் தீப்பிடித்தால் அது அந்த அறையோடு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டச் சொல்கிறது 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள். ஒரு அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம், அறைக்கும் அறைக்கும் நடுவில் இவ்வளவு இடம் விட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் வரையறை உண்டு. ஒரு அறையில் ஆரம்பித்தது பக்கத்து அறைக்குத் தாவினால், இடைவெளி போதவில்லை, அல்லது மருந்து அளவுக்கு மேல் இருந்தது, அல்லது இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கக் கூடாதது எதுவோ இருந்தது என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கம் 'நாக்பூர் லைசென்ஸ்', 'சென்னை லைசென்ஸ்', 'டிஆர்ஓ லைசென்ஸ்' என்று சொல்வார்கள். பெரிய ஆலைக்கு நாக்பூரில் தலைமையகம் உள்ள பெசோ, அதாவது மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு உரிமம் தரும். சின்ன ஆலைக்கு மாவட்ட வருவாய் அலுவலர். எந்த உரிமமாக இருந்தாலும் எந்த அறை எங்கே என்று காட்டும் வரைபடம் ஒன்று ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும்.

ஆக, காகிதத்தில் ஒரு படம் இருக்கு. தரையில் இருப்பதை வானத்திலிருந்து எடுத்த படமும் இருக்கு. இரண்டிலும் உள்ள புள்ளிகளைப் பொருத்திப் பார்த்தால் கூடுதலாக முளைத்தது எது என்று தெரிந்துவிடும். கேட்க சுலபமாகத்தான் இருக்கு. வானத்துப் படத்தில் புள்ளியைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல் ஆரம்பம்.

ராஸ்டர் படம்னா என்ன?

சாட்டிலைட் அனுப்பும் படம் உண்மையில் படம் இல்லை, கட்டம் கட்டமான நம்பர் அட்டவணை. ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் பிக்சல். அதில் இருக்கும் நம்பர், அந்தத் துண்டு நிலத்திலிருந்து எவ்வளவு வெளிச்சம் திரும்பி வந்தது என்பதைச் சொல்லும். கரிசல் மண்ணுக்கு சின்ன நம்பர், வெள்ளையடித்த கூரைக்கு பெரிய நம்பர். இப்படி வரிசையும் பத்தியுமாக நம்பர் அடுக்கிய படத்தைத்தான் ராஸ்டர் என்கிறார்கள்.

சிவகாசி அச்சகக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. காலண்டரில் இருக்கும் சாமி படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் முகமும் தெரியாது, நகையும் தெரியாது. நான்கு கலரில் சின்னச் சின்னப் புள்ளிகள்தான் தெரியும். தனியாக ஒரு புள்ளிக்கு அர்த்தம் கிடையாது. லென்ஸை எடுத்து, பத்துப் புள்ளியைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது கண்ணா, கம்மலா என்று புரியும்.

சாட்டிலைட் படத்திலும் அதே கதை. ஒரு பிக்சலில் 160 என்று இருக்கு. அது கூரையா, காய்ந்த கண்மாய்த் தரையா, உழுது போட்ட வெளிர் மண்ணா? அந்த நம்பரை எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் பதில் வராது. பக்கத்தில் இருக்கும் எட்டுக் கட்டத்தைக் கேட்க வேண்டும்.

காலண்டரை எடுங்க, கணக்கு புரிஞ்சிடும்

வீட்டில் மாத காலண்டர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கிழமைகள் மேலே வரிசையாக, தேதிகள் கீழே கட்டம் கட்டமாக உள்ளது. அதில் 15ஆம் தேதியும் அதைச் சுற்றியுள்ள எட்டுத் தேதிகளும் ஒரு சதுரமாக அமைகிற மாதத்தைப் பாருங்கள். மேலே 7, 8, 9. பக்கவாட்டில் 14, 16. கீழே 21, 22, 23. இந்த 3க்கு 3 கட்டத்தை 'ஜன்னல்' என்று வைத்துக்கொள்வோம். ஃபில்டர் செய்வது இவ்வளவுதான்: இந்த ஜன்னலை ஒரு தேதி மேல் வைக்கும், ஒன்பது நம்பரையும் வைத்து ஒரு கணக்குப் போடும், விடையைப் புதுத் தாளில் அதே இடத்தில் எழுதும். பிறகு ஜன்னலை ஒரு கட்டம் தள்ளும். திரும்பவும் அதே கணக்கு. தாள் முடியும்வரை இதே வேலை.

ஒன்பது தேதியையும் கூட்டினால் 135. ஒன்பதால் வகுத்தால் 15. நடுவில் இருப்பதே விடையாக வருகிறது. காலண்டரில் இந்த மாதிரி எந்த 3க்கு 3 சதுரத்தை எடுத்தாலும் சராசரி நடு நம்பர்தான். ஏன்னா தேதிகள் சீராக ஏறிக்கொண்டே போகின்றன, துருத்திக்கொண்டு நிற்கும் நம்பர் எதுவும் இல்லை.

இப்போ அச்சுப் பிழை ஒன்று விழுந்துவிட்டது. 15க்குப் பதில் 95 என்று அடித்துவிட்டார்கள். (காலண்டர் அடிக்கும் ஊர்க்காரர்கள் மன்னிக்கவும், உதாரணத்துக்குத்தான்.) இந்த 95தான் நம்ம பட்டாசு அறை. சமமான கரிசல் காட்டில் தனியாகத் தெரியும் வெளிச்சப் புள்ளி. மூன்று விதமான ஃபில்டர் இதை என்ன செய்கின்றன என்று பார்ப்போம்.

முதலாவது சராசரி ஃபில்டர். ஒன்பதையும் கூட்டினால் 215. ஒன்பதால் வகுத்தால் சுமார் 24. அதாவது 95 என்பது 24 ஆகச் சுருங்கிவிட்டது. அதோடு போகவில்லை. ஜன்னல் பக்கத்துத் தேதியான 16க்கு நகரும்போதும் அந்த 95 உள்ளே மாட்டும், அங்கேயும் விடை சுமார் 25 என்று வரும். ஒரு புள்ளியின் வெளிச்சத்தைச் சுற்றிலும் பூசிவிட்டது. மொபைலில் போட்டோவின் பின்பக்கத்தை 'ப்ளர்' ஆக்குகிறீர்களே, கிட்டத்தட்ட அதே கணக்கு.

இரண்டாவது மீடியன், நடு எண் ஃபில்டர். ஒன்பது நம்பரையும் சின்னதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள்: 7, 8, 9, 14, 16, 21, 22, 23, 95. சரியாக நடுவில், ஐந்தாவதாக நிற்பது 16. விடை 16. அந்த 95 இருந்த சுவடே இல்லை! படத்தில் விழும் தூசி, கோளாறு போன்ற தனிப் புள்ளிகளைச் சுத்தம் செய்ய இதுதான் கைகண்ட மருந்து.

மூன்றாவதற்கு லாப்லாசியன் என்று பெயர், லாப்லாஸ் என்ற பிரெஞ்சு கணித மேதையின் பெயரால் வந்தது. நடு நம்பரை எட்டால் பெருக்கி, சுற்றியுள்ள எட்டு நம்பரின் கூட்டலைக் கழிக்க வேண்டும். பிழை இல்லாத காலண்டரில் 8 பெருக்கல் 15 என்பது 120. சுற்றி இருப்பவற்றின் கூட்டல் 120. விடை பூஜ்ஜியம். பிழை விழுந்த காலண்டரில்? 8 பெருக்கல் 95 என்பது 760. அதில் 120 போனால் 640! சீராக இருக்கும் இடமெல்லாம் பூஜ்ஜியம், தனியாக நிற்பது மட்டும் 640. புள்ளியைப் பிடித்தாச்சு.

சுத்தம் செய்யப் போய் ஆலையே காணாமல் போகும்

இந்த மூன்றில் சிவகாசிக்கு ஆபத்தானது எது தெரியுமா? இரண்டாவது.

சாட்டிலைட் படத்தை ஆராய்கிறவர்கள் சில சமயம் முதலில் மீடியன் போட்டுச் சுத்தம் செய்துவிட்டு வேலையை ஆரம்பிப்பார்கள். வயல், காடு, நகரம் மாதிரி பெரிய பரப்பைப் பார்க்கிறவர்களுக்கு அது சரி. ஆனால் தனியாக நிற்கும் ஒரு அறையும், படத்தில் விழுந்த ஒரு தூசியும் நம்பர் அளவில் ஒரே மாதிரிதான். மீடியன் ஃபில்டருக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டையும் துடைத்துவிடும். பாதுகாப்புக்காக விதி எதைத் தள்ளித் தள்ளிக் கட்டச் சொன்னதோ, அந்தத் தனிமையே அதைத் தூசி மாதிரி காட்டுகிறது.

இது ஏதோ புத்தகக் கவலை இல்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம். ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் சென்டினல்-2 சாட்டிலைட் படங்கள் எல்லோருக்கும் இலவசம். 2015ல் முதல் சாட்டிலைட், 2017ல் இரண்டாவது. அதன் தெளிவான படத்தில்கூட ஒரு பிக்சல் என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர், மொத்தம் 100 சதுர மீட்டர். ஒரு பேச்சுக்கு, ஒரு அறை 4 மீட்டருக்கு 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 16 சதுர மீட்டர். பிக்சலில் நூற்றுக்கு 16 பங்குதான் கூரை, மீதி 84 பங்கு மண். மண்ணின் நம்பர் 60, கூரையின் நம்பர் 160 என்றால், இரண்டும் கலந்து அந்தப் பிக்சலில் வருவது 76. சுற்றிலும் 60, நடுவில் 76. கஷ்டப்பட்டால் கண்டுபிடிக்கலாம்.

ஆனால் அறை சரியாக ஒரு பிக்சலுக்குள்ளேயே உட்கார வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே. நான்கு பிக்சல் சேரும் மூலையில் அறை அமைந்துவிட்டால், ஒவ்வொன்றிலும் விழுவது நாலு நாலு பங்குதான். நம்பர் 64. சுற்றிலும் 60. உழுத காட்டில் சாதாரணமாகவே நம்பர் இந்த அளவு ஏறி இறங்கும். அதே அறை, அதே கூரை, கொஞ்சம் தள்ளிக் கட்டியதால் படத்தில் இல்லாமலே போய்விடுகிறது.

அதனால்தான் இந்த வேலைக்கு இன்னும் கூர்மையான படம் வேண்டும். இஸ்ரோ 2019 நவம்பர் 27ல் அனுப்பிய கார்ட்டோசாட்-3ன் கருப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பிக்சல் சுமார் கால் மீட்டர். நம்ம 4 மீட்டர் அறை அதில் ஒரு பக்கத்துக்கு 16 பிக்சல்.

பிரச்சினை தீர்ந்ததா? இல்லை, வேறு பிரச்சினை வருகிறது. இப்போ 3க்கு 3 ஜன்னலைக் கூரையின் நடுவில் வைத்தால், ஒன்பது கட்டமும் கூரைதான். எல்லாம் ஒரே நம்பர். லாப்லாசியன் விடை? பூஜ்ஜியம். கூரையின் ஓரத்தில் மட்டும் நம்பர் எகிறும். அறை ஒரு புள்ளியாகத் தெரியாமல் ஒரு சதுரக் கோடாகத் தெரியும். முழு அறையையும் ஒரே பொருளாகப் பிடிக்க வேண்டும் என்றால் ஜன்னல் அறையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய பொருளைத் தேடுகிறோம் என்பது முன்கூட்டியே தெரியாவிட்டால், ஃபில்டர் நம்மைக் கைவிட்டுவிடும்.

பம்புசெட் ரூமும் தனியாத்தானே நிக்குது?

நல்ல கேள்வி. கரிசல் காட்டில் தனியாக நிற்பது பட்டாசு அறை மட்டுமா? கிணற்றடியில் மோட்டார் ரூம் இருக்கும். காவல் தெய்வத்துக்கு ஒரு சின்னக் கோயில் இருக்கும். ஆட்டுக்கிடைக்காரர் போட்ட தகரக் கொட்டகை இருக்கும். லாப்லாசியன் எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் '640' என்று காட்டும்.

இங்கேதான் இரண்டாவது சுற்று. முதல் சுற்றில் கிடைத்த புள்ளிகளை மட்டும் 1 என்றும், மற்ற இடத்தை 0 என்றும் எழுதிப் புதுப் படம் ஒன்று தயாரிக்க வேண்டும். அதன் மேல் சதுர ஜன்னலுக்குப் பதில் வளையல் மாதிரி நடுவில் காலியாக உள்ள ஜன்னலை வைக்க வேண்டும். கேள்வி இரண்டே இரண்டு. உள்ளே, அதாவது இந்தப் புள்ளிக்கு மிக அருகில், வேறு புள்ளி இருக்கா? வெளியே, வளையலின் மேல், எத்தனை புள்ளி இருக்கு?

பம்புசெட் ரூமுக்கு உள்ளேயும் யாரும் இல்லை, வெளியேயும் யாரும் இல்லை. ஊருக்குள் இருக்கும் வீட்டுக்கு உள்ளேயே நெருக்கமாகப் பலர் இருப்பார்கள். பட்டாசு அறைக்கு மட்டும்தான் உள்ளே காலி, வெளியே நாலைந்து பேர் சீராக நிற்பார்கள். விதி கட்டச் சொன்ன இடைவெளியே அடையாளமாகிவிட்டது. முதல் சுற்றில் நம்மை ஏமாற்றிய அதே தனிமை, இரண்டாவது சுற்றில் காட்டிக்கொடுக்கிறது.

ஒரு படி மேலே போனால், வளையலின் அளவைக் குறைத்தும் பார்க்கலாம். விதிப்படி இருக்க வேண்டிய இடைவெளிக்குள் புதுசாக ஒரு புள்ளி வந்திருக்கா? போன வருஷப் படத்தில் இல்லாதது இந்த வருஷம் தெரிகிறதா? இரண்டு வருஷத்துப் படத்துக்கும் அதே ஃபில்டரைப் போட்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், மாறியது மட்டும் மிஞ்சும்.

இந்த மாதிரி வேலை உலகத்தில் நடக்காமல் இல்லை. தெற்காசியாவின் செங்கல் சூளைகளில் கொத்தடிமை முறை இருக்கிறது என்பதால், அந்தச் சூளைகளை வானத்திலிருந்து எண்ண முயன்றார்கள் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். பாகிஸ்தானிலிருந்து வட இந்தியா வழியாக வங்கதேசம் வரை நீளும் பகுதியில் 55,387 சூளைகள் இருக்கலாம் என்று 2018ல் மதிப்பிட்டார்கள். முதலில் அதைச் செய்தது மனிதக் கண்தான். மாதிரிக்கு எடுத்த சில கட்டங்களில் ஆட்களே பார்த்துப் பார்த்து எண்ணினார்கள். பிறகு அந்த வேலையைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கும் ஆய்வுகள் வந்தன.

இப்போ எல்லோரும் பேசும் ஏஐ இங்கே என்ன செய்யுதுன்னு கேட்கலாம். படத்தைப் படிக்கும் ஏஐ பலவற்றின் அடித்தளத்திலும் இதே நகரும் ஜன்னல்தான் இருக்கு. வித்தியாசம் என்னன்னா, நடு நம்பரை எட்டால் பெருக்கு, மற்றதைக் கழி என்று நாம் சொல்லிக் கொடுத்தோமே, அந்த எண்களை ஏஐ ஆயிரக்கணக்கான உதாரணப் படங்களைப் பார்த்துத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

கண்மாய்க் கரையும் கருவேலமும்

புள்ளியைத் தேடுவது மட்டும்தான் ஃபில்டர் வேலை என்று நினைக்க வேண்டாம். கோட்டைத் தேட வேறு ஃபில்டர் உண்டு. 1968ல் அமெரிக்காவில் இர்வின் சோபல் என்பவர் முன்வைத்த முறை இன்றைக்கும் அவர் பெயரிலேயே புழங்குகிறது. இடது பக்க நம்பருக்கும் வலது பக்க நம்பருக்கும், மேலுக்கும் கீழுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்கும். மழைக்குப் பிறகு எடுத்த படத்தில் இதைப் போட்டால், விருதுநகர் மாவட்டத்துக் கண்மாய்களின் கரைகள் வளைந்த கோடுகளாகப் பளிச்சென்று தெரியும். கோடு நடுவில் அறுந்திருந்தால் அந்த இடத்தில் கரை உடைந்திருக்கலாம், இல்லை ஆக்கிரமிப்பாக இருக்கலாம்.

ஜன்னலுக்குள் நம்பர்கள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்பதை மட்டும் அளக்கும் ஃபில்டரும் உண்டு. தண்ணீர் நிற்கும் கண்மாய் வழவழப்பு, நம்பர் ஏறி இறங்காது. சீமைக் கருவேலம் மண்டிய கண்மாய் சொரசொரப்பு. 2017ல் தென் மாவட்டங்களில் சீமைக் கருவேல மரங்களை அகற்ற உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். எந்தக் கண்மாயில் எவ்வளவு மண்டிக் கிடக்கு என்று வானத்திலிருந்து பார்க்க இந்தச் சொரசொரப்புக் கணக்கு உதவும். அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம்.

தீயை மட்டும் உடனே கண்டுபிடிக்குதே, எப்படி?

நெய்பர்ஹுட் ஃபில்டர் இன்றைக்கும் தினமும் நிஜமாக ஓடிக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. நாசாவின் தீ வரைபடம். ஃபர்ம்ஸ் என்று பெயர். நம்ம நாட்டில் இந்திய வன ஆய்வு நிறுவனம் வனத்துறைக்கு அனுப்பும் காட்டுத்தீ எச்சரிக்கைக்கும் மோடிஸ், விர்ஸ் என்ற இதே கருவிகளின் தகவல்தான் ஆதாரம்.

சூடாக இருக்கும் பிக்சலைத் தேடினால் போதுமே என்று தோன்றும். போதாது. மே மாதம் மதியம் சாத்தூர் பக்கம் வெறுங்காலோடு கரிசலில் நடந்தவர்களுக்குக் காரணம் தெரியும். மண்ணே அடுப்பு மாதிரி கொதிக்கும். 'இத்தனை டிகிரிக்கு மேல் போனால் தீ' என்று ஒரே அளவு வைத்தால், கோடையில் மாவட்டமே எரிகிறது என்று எச்சரிக்கை வந்துவிடும்.

அதனால் அக்கம்பக்கத்தைக் கேட்கிறார்கள். மோடிஸ் கருவிக்கான முறை இப்படி: சந்தேகப்படும் பிக்சலைச் சுற்றி முதலில் 3க்கு 3 ஜன்னல் வைக்கும். ஒப்பிடத் தகுந்த அண்டை வீட்டுக்காரர்கள் போதுமான அளவு கிடைக்காவிட்டால் 5க்கு 5 ஆக விரிக்கும். இப்படியே 21க்கு 21 வரை போகும். குறைந்தது எட்டுப் பேர், அதோடு ஜன்னலில் கால்வாசிப் பேராவது கிடைத்தால்தான் தீர்ப்பு சொல்லும். கரிசலில் சுற்றி எல்லாம் 50, 51 டிகிரி, நடுவில் 53 என்றால் அது வெயில். ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் மரங்களுக்கு நடுவில், சுற்றி எல்லாம் 30, 31, நடுவில் மட்டும் 53 என்றால்? அது தீயாக இருக்கலாம். ஒரே 53தான், பதில் வேறு. (நம்பர்கள் புரிவதற்காக நாம் வைத்தவை.)

இதில் ஒரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அண்டை வீட்டுக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர்களும் எரிகிற மாதிரி தெரிந்தால் அவர்களைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடும். ஏன்னா எட்டு வீடும் எரியும்போது நடுவீடு மட்டும் வித்தியாசமாகத் தெரியாது. 'எல்லாரும் இப்படித்தானே இருக்காங்க' என்று ஃபில்டர் விட்டுவிடும்.

அப்படியென்றால் பட்டாசு ஆலை விபத்தும் அந்த வரைபடத்தில் வருமா? பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது. விர்ஸ் கருவியின் கூர்மையான தீத் தகவலிலேயே ஒரு பிக்சல் 375 மீட்டர். சுமார் 35 ஏக்கர். ஒரு சின்ன ஆலை மொத்தமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். தவிர, இந்தக் கருவியைச் சுமக்கும் சாட்டிலைட்டுகள் நம்ம தலைக்கு மேல் வருவது மதியம் 1.30ஐ ஒட்டியும் நள்ளிரவு 1.30ஐ ஒட்டியும்தான். காலை 9 மணிக்கு வெடித்து, தீயணைப்பு வண்டி வந்து 11 மணிக்குள் அணைத்துவிட்டால், மதியம் வருகிற சாட்டிலைட்டுக்குத் தெரிவது அதே சூடான கரிசல்தான். நாள்கணக்கில் எரியும் காட்டுத்தீக்குத்தான் அது சரிப்படும்.

ஃபில்டருக்குத் தெரியாதது

இனி கசப்பான பகுதி.

கூரையைப் பார்க்கலாம், கூரைக்குக் கீழே பார்க்க முடியாது. ஒரு அறைக்குள் அனுமதித்த ஆட்கள்தான் இருக்கிறார்களா, தீபாவளி ஆர்டர் நெருக்கடியில் இரண்டு மடங்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்களா என்று எந்த ஜன்னலாலும் சொல்ல முடியாது. மருந்துக் கலவை அளவோடு இருக்கா, நேற்றைய மிச்சமும் அங்கேயே கிடக்கா என்றும் தெரியாது. ஆலையை அறை அறையாகப் பிரித்துப் பலருக்கு விடும் 'உள்குத்தகை' பற்றி விபத்துக்குப் பிறகு அடிக்கடி கேள்விப்படுகிறோம். வானத்திலிருந்து பார்த்தால் ஒரு முதலாளி இருக்கும் ஆலையும், பத்து குத்தகைக்காரர்கள் இருக்கும் ஆலையும் ஒரே மாதிரி புள்ளிகள்தான்.

சோதனைச் செய்திகளில் 'மரத்தடியில் வைத்துப் பட்டாசு தயாரித்தனர்' என்று வருவதைப் படித்திருப்பீர்கள். வேப்ப மர நிழலுக்கும் புளிய மர நிழலுக்கும் கீழே நடப்பதை ஃபில்டர் மரம் என்றுதான் எழுதிக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் வீடுகள். உரிமம் இல்லாமல் வீட்டிலேயே வைத்துத் திரி வெட்டுவது, மருந்து அடைப்பது என்று நடப்பதாகவும், அங்கே வெடித்துக் குடும்பத்தோடு பாதிக்கப்பட்டதாகவும் இந்தப் பகுதியிலிருந்து செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த வீட்டின் கூரை 160 என்றால், பக்கத்து வீட்டுக் கூரையும் 160. எதிர் வீடும் 160. ஜன்னல் எட்டுப் பக்கமும் கேட்கும். எல்லோரும் ஒரே பதில் சொல்வார்கள். விடை பூஜ்ஜியம்.

விதியை மதித்துத் தள்ளிக் கட்டியவர் படத்தில் பளிச்சென்று தெரிகிறார், விதியே இல்லாமல் தெருவுக்குள் செய்கிறவர் தெரிவதில்லை. ஃபில்டர் தரும் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சோதனைக்குப் போனால், ஏற்கெனவே உரிமம் உள்ள ஆலைகளுக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டி வரும். கூடுதலாக முளைத்த அறையைப் பிடிக்க அது நிச்சயம் உதவும். தெருவுக்குள் இருப்பதற்கு விஏஓவும், போலீஸும், தகவல் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரும்தான் வேண்டும். நிஜமான பக்கத்து வீட்டுக்காரர்!

நாமே போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும், காசும் வேண்டாம். நாசாவின் ஃபர்ம்ஸ் தீ வரைபடத்தை மொபைல் பிரவுசரிலேயே திறக்கலாம். கோடையில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் வைத்துப் பாருங்கள். அங்கே தெரியும் ஒவ்வொரு சிவப்புப் புள்ளியும் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாஸான பிக்சல். சென்டினல்-2 படங்களைக் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற தளத்தில் தேதி வாரியாகப் பார்க்கலாம். ஃபில்டரை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் வேண்டும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் சராசரி, மீடியன், லாப்லாசியன் எல்லாமே இருக்கு. 3க்கு 3ல் ஆரம்பித்து 5, 9, 15 என்று ஜன்னலை மாற்றிக்கொண்டே போங்கள். சிவகாசிக்குத் தெற்கே எந்த அளவில் புள்ளிகள் எழும்பி வருகின்றன, எந்த அளவில் மறைந்து போகின்றன என்று ஸ்கிரீனிலேயே தெரியும்.